அப்பாவிடம் சொல்லண்டாம், டாக்டரே

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சுற்றியும் களியக்காவிளையில் கேரள எல்லை வரையிலும் உள்ள ஊர்களில், குணப்படுத்த இயலாத கட்டத்தை எட்டிய புற்றுநோயாளிகளை வீட்டிற்கே சென்று பார்க்கும் ஆதரவுச் சிகிச்சை மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். இங்குள்ள மக்கள் இதைப் 'பாலியேட்டிவ்' என்றே சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நோயாளியின் கட்டிலை நெருங்குவதற்கு முன்பே, ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே, மகனோ மருமகனோ வந்து என்னை மறித்து விடுகிறார். "அப்பாவுக்குத் தீனம் என்னதுன்னு தெரியாது. நீங்க ஒண்ணும் சொல்லண்டாம், டாக்டரே." குரல் தழுதழுக்கத்தான் அதைச் சொல்கிறார்கள். அன்பில்லாமல் இப்படிக் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இருந்தும், இந்த வேண்டுகோளுக்குத் தலையசைப்பதை நான் நிறுத்திவிட்டேன். அதற்கான காரணங்களை, இப்படி ஒரு நோயாளி வீட்டில் இருக்கும் குடும்பத்தார் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இதில் வருபவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்ல வேண்டும். இந்தப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இரைப்பைப் புற்று கல்லீரல் வரை பரவிய ஓர் அம்மாவைப் பார்த்து வந்தேன். அவருடைய பிள்ளைகள் அவரிடம் அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அதையே சொன்னேன். இரண்டு முறை அவர் என் முகத்தைப் பார்த்து, "இது மாறுமா?" என்று, குணமாகுமா என்ற பொருளில், நேராகவே கேட்டார். இரண்டு முறையும், மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் மாறும் என்று பதில் சொன்னேன். அந்த அம்மா தெருவிலுள்ள பெண்களுக்குச் சிட்டி, அதாவது சீட்டு, நடத்தி வந்தார் என்பதும், யார் எத்தனை தவணை கட்டினார்கள், யார் முன்பே பிடித்துவிட்டார்கள் என்ற கணக்கு முழுவதையும் மனதிலேயே வைத்திருந்தார் என்பதும் அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பெண்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். ஊரில் யாரிடமும் கடன் சொல்லாமல் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர், அவர் போன பிறகு தெருவில் இழுபட்டது. மாறிவிடும் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், இரண்டு மாதத்தில் அவர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி முடித்திருப்பார். அந்த இரண்டு மாதத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இது நம் நாட்டு வழக்கம் என்றும், மேல்நாட்டார் மனம் வேறு, நம் மனம் வேறு என்றும் பலர் சொல்வதுண்டு. இதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979-இல் இன்னொரு மருத்துவமனையில் அதே கேள்விகளைக் கேட்டபோது, 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்புவதாகத் தெரிவித்தார்கள். இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள்தாம். அதற்குள் சிகிச்சைகள் பெருகியிருந்தன. நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் வலுத்திருந்தது. மறைப்பது அவர்களுடைய வழக்கமாகவும் இருந்தது, பிறகு அது மாறியது. எனவே இதைத் தமிழருக்கோ மலையாளிகளுக்கோ மட்டும் உரிய குணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

நம் நாட்டின் விதிகளையும் பார்க்க வேண்டும். நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நன்னெறி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஆனால் அதே இடத்தில், நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்புள்ள நண்பருக்கோ நிலைமை தெரிந்திருக்க வேண்டும் என்ற வகையிலும் வாசகம் அமைந்திருக்கிறது. அந்த 'அல்லது' வழியாகத்தான் நாங்கள் அனைவரும் நழுவி வந்திருக்கிறோம்: மகனிடம் சொன்னால் கடமை முடிந்தது என்று. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இந்த விஷயத்தில் தெளிவானது. மயக்க மருந்தின் பிடியில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்று அகற்றிய வழக்கு அது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், மயக்கம் தெளிந்ததும் தாமே முடிவெடுக்கத் தகுதியுள்ள வயதுவந்த ஒருவருக்காகத் தாய்கூட ஒப்புதல் தர முடியாது என்றும், அந்த ஒப்புதலும் போதிய விவரங்களைத் தெரிவித்த பிறகே பெறப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. நோயின் பெயரையே அறியாத ஒருவர் கீமோதெரபிக்கு வைக்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று எப்படிக் கொள்வது?

எங்கள் பகுதிக்கென்றே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிருந்து நோயாளிகள் பலர் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் அங்குதான் உள்ளது. மருத்துவர் மலையாளத்தில் சொல்வார். மேற்கே விளவங்கோட்டுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் புரிந்துவிடும். கிழக்கே தோவாளைப் பக்கத்திலிருந்து வருபவர்களில் பலருக்குப் புரியாது. உடன் போகும் மகன்தான் மொழிபெயர்ப்பார். மொழிபெயர்க்கும்போது 'பரவியிருக்கிறது' என்பது 'கொஞ்சம் புண் இருக்கு' என்றாகிவிடும். எதிரே இருக்கும் மருத்துவர் தாம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாக நம்புவார். நோயாளி ஒன்றும் அறியாமல் பேருந்து ஏறுவார். பெண் நோயாளிகளின் விஷயத்தில் இது இன்னும் மோசம். வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் அவராகத்தான் இருப்பார்.

எண்பது வயதைக் கடந்த ஒரு வர்ம ஆசானின் கதை, 'எப்படியும் அவருக்கே தெரிந்திருக்கும், வாய்விட்டு ஏன் சொல்ல வேண்டும்' என்று கேட்பவர்களுக்கானது. அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்று. முதுகெலும்பு வரை பரவியிருந்தது. மூத்திரத் தடை என்றும், முதுகு நோவு வயதின் தேய்மானம் என்றும் பிள்ளைகள் சொல்லி வைத்திருந்தார்கள். ஆங்கிலம் அறியாதவர் என்பதால் கோப்பைப் பார்த்தாலும் அவருக்குப் புரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு இந்தத் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தபோது பள்ளிக்குப் போனவர் அவர். மலையாள எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. புற்றுநோய் மையத்தின் மலையாளப் பலகையை முதல் நாளே வாசித்துவிட்டார். "பிள்ளைய சங்கடப்படுவானுவன்னு வாசிக்காத மாதிரி இருந்துட்டேன்" என்று பின்னர் என்னிடம் சொன்னார். ஒரே கூரையின் கீழ், தகப்பனுக்காகப் பிள்ளைகளும் பிள்ளைகளுக்காகத் தகப்பனும் ஐந்து மாதம் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர் அறிந்தது பாதிதான். நோய் முதுகெலும்புக்குப் போனதை எந்தப் பலகையும் அவருக்குச் சொல்லவில்லை. தேய்மானம் என்று நம்பியதால், தம்முடைய சீடனை வரவழைத்து, எண்ணெய் காய்ச்சி, முதுகைத் தடவச் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. தேய்மானம் மட்டுமே என்றிருந்தால் அதில் தவறும் இல்லை. ஆனால் புற்று அரித்த முள்ளெலும்பின் மேல் அழுத்தம் விழுந்தால் எலும்பு நொறுங்கவும் தண்டுவடம் நசுங்கவும் வாய்ப்புண்டு. தற்செயலாக அன்று மாலை நான் போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் மனம் கூசுகிறது. முதுகெலும்புக்குப் பரவிய எந்த நோயாளியும் சில அறிகுறிகளை அறிந்திருக்க வேண்டும்: வார் கட்டி இறுக்கியது போன்ற புதிய வலி, கால் வலுவிழத்தல், மரத்துப்போதல், மூத்திரமோ மலமோ போவதில் திடீர் மாற்றம். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் வேலை செய்யும்போதே வந்தவருக்கு ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் கொடுத்தால் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றலாம். கால் முழுவதும் விழுந்த பின் வந்தால் மீண்டும் நடப்பது அரிது. நோயின் பெயரே தெரியாதவரிடம் இந்த அறிகுறிகளை எப்படிச் சொல்லி வைப்பது?

மாத்திரையிலும் அதே கதைதான். அவருக்குக் கடும் வலிக்கான மார்பின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் இந்த மருந்து நோயாளிகளுக்கு எட்டாமல் போய், 2014-இல் வந்த திருத்தத்தால் ஓரளவு வழி திறந்தது. அத்தனை பாடுகளைத் தாண்டி வீட்டுக்கு வந்த மாத்திரையை, பெயரை யாராவது வாசித்துச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, பிள்ளைகள் சத்து மாத்திரைப் புட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் நான்கு மணி நேரமே நிற்கும். வேளை தவறாமல் எடுத்தால்தான் வலி தலைதூக்காது. சத்து மாத்திரைதானே என்று ஆசான் நினைத்தபோது எடுத்தார், மறந்தபோது விட்டார். கூடவே கொடுத்த மலமிளக்கியை, வயிறு சரியாகத்தானே இருக்கிறது என்று தொடவேயில்லை; மார்பினால் மலம் கட்டிக்கொள்ளும் என்பதை அவருக்குச் சொல்பவர் யாருமில்லை. இரவெல்லாம் அவர் முனகியதற்குக் காரணம், மருந்து வேலை செய்யாதது அல்ல.

சொன்னால் உடைந்துவிடுவார், சாப்பாட்டை நிறுத்திவிடுவார், ஏதாவது செய்துகொள்வார் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வாசலில் நின்றபடி, ஒரே வாக்கியத்தில், 'உங்களுக்குக் கேன்சர், இன்னும் மூன்று மாதம்' என்று போட்டு உடைப்பது மறைப்பதைவிடக் கொடியது. மாதக்கணக்குச் சொல்வதை நான் தவிர்த்துவிடுகிறேன். மருத்துவர்கள் போடும் நாள்கணக்கு பெரும்பாலும் தவறுகிறது என்பதே அனுபவம். நான் செய்வது வேறு. முதலில் நோயாளியிடம், "இது என்ன நோய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறேன். பிறகு, "விவரங்களை உங்களிடமே சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்கிறேன். அதன் பிறகு ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறேன். மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது அவர்களுடைய முடிவு, அதை மதிக்கிறேன். அறியாமல் இருப்பதற்கான உரிமையும் நோயாளிக்கு உண்டு. ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். மகன் அவருக்காக முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.

குடும்பத்தாரிடம் வாசலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நானாக எதையும் கொட்ட மாட்டேன், ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அநேகமாக எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். எல்லைக்கு அப்பால், 2008 முதல் ஆதரவுச் சிகிச்சைக்கென அரசுக் கொள்கையே உள்ள கேரளத்தில், பஞ்சாயத்து வழியாக வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் இந்தப் பேச்சைப் பல நாள் பழகி மெல்ல நடத்துவதை நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வரும் ஆதரவுச் சிகிச்சை இருக்கிறது. வரும் செவிலியரிடம், அப்பாவிடம் பேசுவதற்கு உதவ முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். இறுதிக் கட்டத்தில் செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டு, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் இருந்தால் போதும். இந்த உரிமையும், தன் நோயை அறிந்தவருக்குத்தான் கைக்கெட்டும்.

ஆசானிடம் அன்று மாலையே பேசினேன். பிள்ளைகள் மூவரும் உடன் இருந்தார்கள். முதுகில் என்ன இருக்கிறது என்று அவரே கேட்டார், நான் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சீடனைக் கூப்பிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப்போகச் சொன்னார். பிறகு மாத்திரைப் புட்டியை வாங்கி, அதில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, எந்தெந்த வேளைக்கு எத்தனை என்று என்னிடம் கேட்டார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இடையில் எழ வேண்டியிராதபடி இரவு பத்துக்கு இரட்டை அளவு. கட்டிலுக்கு எதிரே சுவரில், கரித்துண்டால், மலையாள எழுத்தில் அவரே எழுதி வைத்தார்.