சுருளும் சுழலும்

போன வாரம் பார்த்த ஒரு வானியல் காணொளியில் "சுழல் பேரடை எனப்படும் எம்51 ஒரு சுழல் பேரடை" என்றார்கள். பேரடை என்றால் கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம், ஆங்கிலத்தில் கேலக்ஸி; எம்51 அப்படி ஒன்றின் பட்டியல் எண். கேட்பவருக்கு இதில் என்ன புரியும்? ஆங்கிலத்தில் அங்கே இரண்டு சொற்கள். வேர்ல்பூல் அந்தப் பேரடையின் செல்லப்பெயர், ஸ்பைரல் அதன் வகை. தமிழில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஸ்பைரலுக்கு மூலம் கிரேக்க ஸ்பெய்ரா, லத்தீன் வழியாக வந்தது. வளையம் வளையமாகச் சுற்றிக் கிடப்பது என்று பொருள். அது வடிவத்தைச் சொல்கிற சொல். நம்மிடம் அதற்குச் சுருள் இருக்கிறது: சுருள்வில், சுருள்முடி, வெற்றிலைச் சுருள்.

சுழல் அசைவைச் சொல்வது. சுழல் நாற்காலி, சுழல் விளக்கு, சுழல் பந்து எல்லாம் சுற்றுகின்றன, எதுவும் சுருண்டிருக்கவில்லை. "பேரடையும் சுழலத்தானே செய்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, சுழல்கிறது. ஆனால் நடுவிலிருந்து வளைந்து நீளும் கரங்களே இல்லாத, தட்டு வடிவப் பேரடைகளும் சுழல்கின்றனவே! அப்புறம் எதை வைத்து வகை பிரிப்பது? 1845இல் அயர்லாந்தில் வானியலாளர் ராஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியில் எம்51ஐப் பார்த்து வரைந்தார். பேரடை ஒரு சுற்று சுற்றக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அந்தச் சுழற்சியை அவர் எங்கே பார்த்தார்? அவர் கண்டது சுருண்ட வடிவத்தைத்தான். பெயரும் அதற்குத்தான் வந்தது.

வேர்ல்பூலுக்கு நீர்ச்சுழி என்ற சொல் ஆற்றங்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல்லை நம் மக்கள் எதற்குப் புழங்குகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

அதே காணொளியில், பக்கத்திலுள்ள என்ஜிசி 5195 என்ற பேரடை எம்51மேல் "மோதி நொறுக்குகிறது" என்றும் வந்தது. பேரடைகள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது விண்மீன்கள் முட்டிக்கொள்வது மிக அரிது. இடைவெளி அவ்வளவு பெரியது. நடப்பது ஈர்ப்பின் இழுபறி. அந்த இழுப்பில் கரங்கள் நீளும், இரண்டுக்கும் நடுவே பாலம் போல விண்மீன்கள் இழுபடும். 1972இலேயே தூம்ரே சகோதரர்கள் என்ற ஆய்வாளர்கள் இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். இதற்கு ஊடாடுதல் என்ற சொல் போதும்.

அந்த வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: நீர்ச்சுழி என்று அழைக்கப்படும் எம்51, பக்கத்துப் பேரடையோடு ஊடாடும் ஒரு சுருள் பேரடை.