கடன் கட்ட முடியாவிட்டால் ஜெயில் இல்லை, அக்கா

"எத்தனை நாள் உள்ளே இருக்கணும், வக்கீலம்மா?"

போன வாரம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த அக்கா கேட்ட முதல் கேள்வி இது. கடன் எவ்வளவு, எங்கே வாங்கியது என்ற பேச்சே வரவில்லை. பத்தாவது படிக்கும் மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, மாற்றுப் புடவை ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மண்டபத்துக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமம். கருவாடு காயப்போட்டு வாரச் சந்தைகளில் விற்கிறவர். புடவைக்கு அடியிலிருந்து, ஈடு வாங்காமல் சிறு கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் நான்கு லோன் கார்டுகளை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன இந்த ஒரு மாதத்தில், இதே கேள்வியோடு வந்த ஆறாவது பெண் அவர். பாம்பனிலிருந்து ஒருவர், தேவிபட்டினத்திலிருந்து இரண்டு பேர், தொண்டிப் பக்கம் ஒருவர், ஏர்வாடியை ஒட்டிய ஊரிலிருந்து பாசி எடுக்கும் அம்மா ஒருவர். ஆறு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் கரைக்கு வரும். அது பச்சை மீனாகவே நல்ல விலைக்குப் போய்விடும், கருவாட்டுக்கு மிஞ்சாது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இந்த அக்காவுக்கு நான்கு கார்டுக்கும் சேர்த்து ஒரு மாதத் தவணை மட்டும் 9,600. மே மாதம் தவணை நின்றது. வசூலுக்கு வரும் பையன் சென்டரில், அதாவது சேர்ந்து கடன் வாங்கிய குழுவில், உள்ள மற்ற பெண்களைக் கூட்டிவந்து வீட்டு வாசலில் உட்காரவைத்தான். இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். "நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அக்கா தாலிக்கொடியை அடகு வைத்தார். அதுவும் போதாமல் தண்டலுக்குப் பத்தாயிரம் வாங்கினார். கையில் வந்தது 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் கிடையாது. அது பணத் தகராறு. சட்டத்தில் இதற்கு உரிமையியல் வழக்கு என்று பெயர். பணம் கொடுத்த நிறுவனம் நோட்டீஸ் அனுப்பலாம், நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைக்கும் நடுவரிடம் போகலாம். அங்கே உங்கள் பக்கத்தையும் கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள். தவணை வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலையே இல்லை.

"அப்ப தீர்ப்பு வந்துட்டா பிடிச்சிட்டுப் போயிருவாங்கல்ல?" என்று அந்த அக்காவும் கேட்டார். சரி, அதற்கும் பதில் சொல்கிறேன். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 56-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் லோன் வசூலிக்க வரும் தம்பிக்கு எங்கிருந்து வரும்?

அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவையும் சொல்கிறேன். சமையல் பாத்திரம், பாய் படுக்கை, உடுத்தும் துணி, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. அதாவது, வழக்கு நடந்து, தோற்று, தீர்ப்பே வந்திருந்தாலும் அந்த அக்காவின் தாலியை நீதிமன்றம் தொட்டிருக்காது. ஒரு பையன் வாசலில் நின்று போட்ட சத்தத்துக்குப் பயந்து அவரே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் கடன் குற்ற வழக்காக மாறும். போலி ஆவணம் கொடுத்து ஏமாற்றிக் கடன் வாங்கினால் ஒன்று. கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் இன்னொன்று. காசோலை வழக்கில் இரண்டாண்டு வரை சிறைக்கும், காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். தண்டல்காரர், பைனான்ஸ்காரர், சொந்தக்காரர் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றாகிவிட்டால், கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும்.

இதையெல்லாம் சொல்வதால் கட்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்கிய கடன் கடன்தான். கட்டாவிட்டால் கடன் வரலாற்றில் பதிவாகும், அடுத்து வங்கியில் கேட்டால் கிடைக்காது. "எல்லாம் தள்ளுபடி ஆயிரும், சான்று வாங்கித் தர்றேன்" என்று ஆளுக்கு ஆயிரம், ஐந்நூறு வசூல் செய்துகொண்டு கடற்கரை ஊர்களில் சிலர் திரிகிறார்கள். அவர்களை வீட்டுப் படி ஏற விடாதீர்கள். இந்த மாதிரி ஆட்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது.

தள்ளுபடி என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். நம் ஊரில் எல்லாமே 'குழு லோன்'தான். மகளிர் சுயஉதவிக் குழு வேறு, நுண்நிதி நிறுவனம் பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கொடுக்கும் கடன் வேறு. சுயஉதவிக் குழுவில் உங்கள் சேமிப்பு இருக்கும், தீர்மானப் புத்தகம் இருக்கும், வங்கிக் கடன் குழுவின் பெயரில் வரும். தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் உள்ள குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. தமிழ்நாட்டில் 2021-இல் தள்ளுபடி அறிவித்ததும் கூட்டுறவு நிறுவனங்களில் சுயஉதவிக் குழுக்கள் வாங்கிய கடனுக்குத்தான். நுண்நிதி நிறுவனக் கடனில் 24, 25 சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடுகிறது. அந்தத் தள்ளுபடி இதற்குப் பொருந்தாது. கார்டில் யார் பெயர் அச்சடித்திருக்கிறது என்று ஒருமுறை பிள்ளைகளைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

நிறுவனக் கடனுக்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2010-இல் ஆந்திராவில் வசூல் நெருக்கடி முற்றி, அந்த மாநில அரசே அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கி இந்தத் தொழிலுக்கென்று தனி விதி எழுத ஆரம்பித்தது. இப்போதைய விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளவை. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஈடு வாங்காமல் கொடுக்கும் கடன் எல்லாம் இதில் வரும். கொடுப்பது வங்கியோ நிறுவனமோ, விதி ஒன்றுதான்.

வசூலை, இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் செய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. ஓயாமல் அழைத்துத் தொல்லை கொடுப்பது, கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறிய வெளியிடுவது, கட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று பொய் சொல்வது எல்லாமே தடை. "ஸ்டேஷன்ல இருந்து ஆள் வரும்" என்றானே, அது இந்தக் கடைசி வகை. தாமத அபராதம் தவறிய தவணைக்கு மட்டுமே, மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. கார்டு உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விதி இன்னொன்று. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். அந்த அக்காவும் படகில் கூலிக்குப் போகும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து நல்ல மாதத்தில் 15,000 பார்ப்பார்கள். பாதி 7,500. ஆனால் தவணை 9,600. எப்படி இத்தனை கடன் ஏறியது என்று படிவத்தை வாங்கிப் பார்த்தேன். மாத வருமானம் 24,000 என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. 24,000-ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 2,88,000. மூன்று லட்சத்துக்குள் நிற்கிறது, பாதியாக 12,000 வரை தவணையும் ஏற்றிவிடலாம். இந்த எண்ணை எழுதிய ஆளுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நான் பார்த்த ஆறு பேரில் நான்கு பேர் படிவத்தில் இதே மாதிரி எண்தான். தயவுசெய்து வருமானக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த அக்காவின் நான்கு கடனில் ஒன்று அவருக்காக வாங்கியதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பணத்தை வாங்கிக்கொண்டார், இவர் பேரைக் கொடுத்தார். "பேரை மட்டும்தானே கொடுத்தேன்" என்கிறார். அக்கா, கடன் ஒப்பந்தத்தில் இருப்பதே உங்கள் பேர்தான்.

விதி காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கரைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2022-இல் வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் இயக்குநர் குழுவே நியாயமாக வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதே விதிகளில், கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்பத் தவணைக் காலத்தை மாற்றிக் கொடுக்க ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தடைக்காலத் தேதி வருஷா வருஷம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தவணையைக் குறைத்து, மீன் படும் மாதங்களில் கூட்டி வாங்க என்ன தடை? மீன்வளத் துறையும் மாவட்ட முன்னோடி வங்கியும் நிறுவனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் பேச வேண்டும். இந்தக் கடற்கரைக்கு அவசரமாக வேண்டிய சீர்திருத்தம் இதுதான்.

மாநில அளவில், 2025 ஏப்ரலில் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. மிரட்டி வசூலித்தால் மூன்றாண்டு வரை சிறை. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டிக்கு எதிரான சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது. அந்த அக்காவின் தண்டலை ஆண்டுக் கணக்காக்கினால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. சட்டப்படி நடக்கும் கடனின் தவணைக்காகச் சட்டவிரோதக் கடனில் விழுந்திருக்கிறார்.

சரி, என்ன செய்வது?

தவணை தவறப் போகிறது என்று தெரிந்தவுடன், தவறுவதற்கு முன்பே, கிளைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது. மிரட்டினால் தேதி, நேரம், ஆள் பெயரைக் குறித்து வையுங்கள். நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448.

நோட்டீஸ் வந்தால் தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். லோக் அதாலத் நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஊரை விட்டு ஓடிய குடும்பம் எனக்குத் தெரியும். அது பேசித் தீர்த்துக்கொள்ள வரச்சொல்லும் கடிதம், போய் உட்காருங்கள். நடுவர் நோட்டீஸாக இருந்தால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள். நிறுவனம் தானாகவே ஒருவரை நடுவராக நியமித்துக்கொள்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் உங்களுக்காக அதைச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் ஒன்று. கணவர் இறந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்களா? பல கடன்களில் கணவருக்கும் சேர்த்தே காப்பீடு பிடித்திருப்பார்கள், அதற்கான கட்டணத்தை உங்களிடம்தான் கழித்திருப்பார்கள். கார்டைப் பாருங்கள். தேவிபட்டினத்து அம்மா பதினோரு மாதம் கட்டிய பிறகுதான் இது தெரிந்தது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். வரும்போது மாற்றுப் புடவை வேண்டாம். லோன் கார்டுகளை எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியதையும் சேர்த்து.