சொல் விளக்கம்: இல்லிபரல் டெமாக்ரசி

தேர்தல் உண்டு, எதிர்க்கட்சிகளும் உண்டு. ஆனால் வென்றவரைத் தட்டிக்கேட்க வேண்டிய நீதிமன்றமும் ஊடகமும் பல் பிடுங்கப்பட்டுக் கிடக்கும். இப்படிப்பட்ட ஆட்சியைத்தான் இல்லிபரல் டெமாக்ரசி என்கிறார்கள்.

'இல்லிபரல்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'லீபெர்' என்றால் அடிமையல்லாதவர். அவருக்குத் தக்கது 'லீபெராலிஸ்', தகாதது 'இல்லீபெராலிஸ்'. ஆங்கிலத்தில் இது நெடுங்காலம் குறுகிய மனத்தையும் கருமித்தனத்தையும் குறித்தது. அரசியல் பேச்சில் இத்தொடர் பரவியது 1997இல் அமெரிக்க இதழாளர் பரீத் சக்காரியா எழுதிய கட்டுரையால். அவர் அதை எச்சரிக்கையாகவே எழுதினார்.

அதையே பெருமையாகச் சூடிக்கொண்டவர் அப்போது ஹங்கேரியின் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான். 2014 ஜூலையில், ருமேனியாவில் ஹங்கேரியர் வாழும் துஷ்னாத்ஃபூர்தோ என்ற ஊரில் பேசியபோது, தாம் கட்டியெழுப்புவது இல்லிபரல் அரசு என்று வெளிப்படையாகவே அறிவித்தார். சிங்கப்பூர், சீனா, இந்தியா, துருக்கி, ரஷ்யா ஆகியவற்றின் வெற்றியையும் சுட்டிக்காட்டினார்.

வெளிநாட்டுத் தீவிர வலதுசாரிகளுக்கு அவர்மேல் இத்தனை ஈர்ப்பு ஏன்? 2015இல் அகதிகளைத் தடுக்க எல்லையில் வேலி போட்டது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பீரங்கி இல்லாமல், சட்டப் புத்தகத்தை வைத்தே அதிகாரத்தை இறுக்கிக்கொள்ளலாம் என்று அவர் செய்துகாட்டியது. 2010இல் சுமார் 53 சதவீத வாக்கு அவர் அணிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்களைத் தந்தது. மறு ஆண்டே புதிய அரசமைப்பு வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62 ஆகச் சட்டென இறங்க, மூத்த நீதிபதிகள் வெளியேற்றப்பட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் அது தவறு என்று தீர்ப்பளித்தும், பலருக்குப் பழைய தலைமைப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. தேர்தல் விதிகளும் மாறின. 2014இல் சுமார் 45 சதவீத வாக்குக்கே 199இல் 133 இடங்கள். 2018இல் ஆட்சிக்கு நெருக்கமான முதலாளிகள் 400க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார்கள். அரசு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவித்து, போட்டிச் சட்டத்தின் ஆய்விலிருந்து விலக்கு அளித்தது.

இந்தச் செய்முறையைக் கற்கத்தான் கூட்டம் போனது. 2021இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் டக்கர் கார்ல்சன் புடாபெஸ்டிலிருந்து ஒரு வாரம் நிகழ்ச்சி நடத்தினார். 2022இல் அமெரிக்கப் பழமைவாதிகளின் சீபேக் மாநாடு அங்கேயே கூடியது. ரசிப்பவர்கள் யாரும் அந்த நீதிமன்றத்தில் வழக்காடப் போவதில்லை, அந்தச் செய்தித்தாளை மட்டும் நம்பி வாழப் போவதும் இல்லை. விலை கொடுப்பவர் ஹங்கேரியர் என்பதால் பாராட்டுவது எளிது.

தமிழில் 'தாராளமற்ற ஜனநாயகம்' என்று எழுதினால் கைச்சிக்கனம் போலத் தொனிக்கிறது. 'உரிமைமறுப்பு மக்களாட்சி' என்பதே பொருளுக்கு நெருக்கம். ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றம் 2022 செப்டம்பரில் ஹங்கேரியை முழு மக்களாட்சி என்று ஏற்க மறுத்து, தேர்தல்வழி எதேச்சாதிகாரம் என்றது. ஓர்பானின் பேச்சைச் சொல்லும் இடத்தில் 'உரிமைமறுப்பு மக்களாட்சி' என்று எழுதலாம். அவர் ஆட்சியை நாமே விவரிக்கும்போது 'தேர்தல்வழி எதேச்சாதிகாரம்' என்பதுதான் சரி.