தேன்சிட்டுக்குப் பூ மட்டும் போதாது

மாசி, பங்குனி வாக்கில் கொல்லைக்கு வரும் ஆண் ஊதாத் தேன்சிட்டைக் கவனியுங்கள். அதுவரை மஞ்சள் வயிறும் தொண்டையிலிருந்து இறங்கும் கறுப்புப் பட்டையுமாகத் திரிந்த பறவை, இப்போது கரிய நிறத்துக்கு மாறி, வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும். கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம். பெண் எப்போதும் மேலே பழுப்பு, கீழே வெளிர்மஞ்சள்.

முருங்கை, செம்பருத்தி, மாமரத்தில் ஒட்டிய புல்லுருவி என்று பூத்த எதையும் இவை விடுவதில்லை. நாக்கு குழல் போன்றது, நுனி பிளந்தது. அலகு எட்டாத நீண்ட பூ என்றால் அடியில் துளையிட்டுத் தேனை எடுத்துவிடும். அப்படி எடுக்கும்போது அந்தப் பூவுக்குப் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்காது.

தேன் என்பது பெரும்பாலும் சர்க்கரையும் நீரும்தான். பத்து கிராமுக்கும் குறைவான இந்தப் பறவை நாள் முழுக்கப் பறக்க அது உதவும். குஞ்சுக்குச் சதை வளர உதவாது. அதற்குப் புரதம் வேண்டும். சிலந்தி, சிறுபூச்சி, புழு ஆகியவற்றைத்தான் தாயும் தந்தையும் ஊட்டுகின்றன. பூ நிறைந்த கொல்லையிலும் சிலந்தி இல்லாவிட்டால் குஞ்சு தேறுவது கடினம்.

கூட்டுக்கும் சிலந்திதான் ஆதாரம். கட்டுவது பெண். முதலில் தொங்கும் குச்சி நுனியில் ஒட்டடையைச் சுற்றி ஒட்டுகிறது. அதில் நார், காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கொத்தாகத் தொங்கும். பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றே தோன்றும். பிறகு அந்தக் கொத்துக்குள் புகுந்து உடம்பால் நெட்டித் தள்ளி, உள்ளே இடம் உண்டாக்குகிறது. எருக்கம் பஞ்சு போன்ற மெத்தென்ற பொருளை உள்ளே பரப்புகிறது. வாசல் பக்கவாட்டில், அதன்மேல் சின்னத் தாழ்வாரம்போல ஒரு நீட்சி. சிலந்தி நூல் இழுத்தால் நீளும், எளிதில் அறாது. அதனால்தான் காற்றில் ஆடியும் கூடு நிற்கிறது.

முட்டை வழக்கமாக 2. பெண் மட்டும் 15 முதல் 17 நாள் அடைகாக்கும். குஞ்சுகள் பறக்க அதற்குமேல் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம் ஆகும்.

துணி உலர்த்தும் கொடியிலும் வாசல் ஒயரிலும்கூடக் கட்டிவிடும். அப்படியானால் துணிக்கு வேறு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்; கூட்டை நகர்த்த வேண்டாம். பாதி கட்டிய நிலையில் அருகே போய்ப் பார்த்தால் விட்டுவிட்டுப் போய்விடும் வாய்ப்பு அதிகம். கூட்டை மறைக்கும் கிளையையும் வெட்டாதீர்கள். காக்கைக்கும் செம்போத்துக்கும் வழி காட்டியதாகிவிடும். இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் பக்கத்துச் செடியில் ஏற்றிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

சர்க்கரைத் தண்ணீர் வைப்பது நம் வெயிலுக்கு ஒத்துவராது, சீக்கிரம் புளித்துவிடும். அதைவிட ஒட்டடைக்கோலைக் கொஞ்ச நாள் ஓரமாக வைப்பது நல்ல உதவி. முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பினால் மருந்து அடிக்காதீர்கள், சிலந்தியும் சேர்ந்து சாகும். அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே, கூடு இல்லாத மரம் என்று உறுதி செய்துகொண்டு, தீப்பந்தம் காட்டினால் போதும்.