பழைய காரின் லெதரிலும் பிளாஸ்டிக்கிலும் புது நிறம் எப்படி ஒட்டுகிறது?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரின் லெதர் சீட்டில் நிறம் முதலில் போவது பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்கத்து விளிம்பில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உரசுகிற இடம் அது. தோல் தேய்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான கார்களில் தோல் அப்படியேதான் இருக்கும். தேய்ந்திருப்பது, ஆலையில் அதன் மேல் பூசிய பாலிமர் படலம், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான மெல்லிய பூச்சு. அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் அளவுதான். ஆகவே சீட்டுக்கு நிறம் ஏற்றுவது என்றால், பழைய படலத்தின் மேல் புதுப் படலம் ஒன்றை ஒட்டவைப்பது. டேஷ்போர்டு, கதவு பிளாஸ்டிக்குகளிலும் நடப்பது இதே வேலைதான்.

அந்தப் படலம் ஏன் வந்தது? கார் சீட்டுக்கான தோலைப் பல ஆலைகளில் குரோமியம் உப்புகளால் பதனிடுகிறார்கள். குரோமியம் அயனிகள் தோலின் புரதமான கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் தோல் அழுகாமலும் வெப்பத்தில் எளிதில் சுருங்காமலும் நிற்கிறது. அப்புறம் சுழலும் உருளைகளில் போட்டுச் சாயமும் எண்ணெயும் ஏற்றுவார்கள். இத்துடன் நிறுத்தினால் தொடுவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் வெயிலில் வெளுக்கும், வியர்வையை உறிஞ்சும். சாயம் தனித்தனி மூலக்கூறுகளாக இழைகளுக்குள் பரவியிருக்கிறது. அதற்கு நிறத்தைத் தருவது மூலக்கூறில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இரட்டைப் பிணைப்புகளின் தொடர். புற ஊதாக் கதிர் அந்தத் தொடரை ஓரிடத்தில் அறுத்தாலே அந்த மூலக்கூறின் நிறம் போய்விடும்.

டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, கார்பன் கறுப்பு போன்ற நிறமிகள் வேறு வகை. அவை கரையாத திடத் துகள்கள், வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் தாமாக எதிலும் ஒட்டாது. பிடித்துவைக்க அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் போன்ற ஒரு பைண்டர் வேண்டும். நிறமி கலந்த பைண்டர் ஒரு பூச்சு, அதற்கு மேல் காப்புக்காக நிறமற்ற பாலியூரித்தேன் பூச்சு: கார் சீட்டில் நம் கை படுவது இந்தக் கடைசிப் பூச்சைத்தான். உங்கள் சீட்டில் அது இருக்கிறதா என்று பார்க்க, மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு மேலேயே நின்றால் பூச்சு இருக்கிறது. உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் அது பூச்சில்லாத தோல், அல்லது பூச்சு முழுக்கத் தேய்ந்த இடம்.

இந்த வேலையில் நிறம் பூசுவது சின்னப் பகுதி. பெரிய பகுதி சுத்தம் செய்வது. வருடக்கணக்கான வியர்வையும் உடம்பு எண்ணெயும் சீட்டில் ஏறியிருக்கும். அதைவிட மோசம், பளபளப்புக்காகத் தடவிய சிலிக்கோன் பாலிஷ். ஒரு திரவம் ஒரு பரப்பில் நன்றாகப் பரவ வேண்டுமானால், திரவத்தின் பரப்பு இழுவிசையைவிட அந்தப் பரப்பின் ஆற்றல் அதிகமாக இருக்க வேண்டும். சிலிக்கோன் படிந்த பரப்பின் ஆற்றல் மிகவும் குறைவு. அதனால் பூசிய பெயின்ட் அங்கங்கே விலகி, குட்டிக் குட்டிப் பள்ளங்களாக நிற்கும். சோப்பு நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது இதற்காகத்தான். உரிந்து வரும் வேலைகளில் பலவற்றுக்குக் காரணம் பெயின்ட் அல்ல, இந்தக் கட்டத்தில் காட்டிய அவசரம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி படலம் உருவாகும் விதம். லெதருக்கான பூச்சுகள் பெரும்பாலும் தண்ணீர் கலந்தவை. பாலிமர் அதில் கரைந்திருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆக உருண்டைகள் நெருங்குகின்றன, முட்டுகின்றன, நசுங்கி இடைவெளியை அடைக்கின்றன. கடைசியில் ஒரு உருண்டையின் பாலிமர் சங்கிலிகள் அடுத்ததற்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. துகள்களின் கூட்டம் ஒரே படலமாவது அந்தப் பின்னலில்தான். குளிர் அதிகமாக இருந்தால் உருண்டைகள் நசுங்காது. காய்ந்த மாதிரி தெரியும், தேய்த்தால் தூளாக வரும். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். எனவேதான் மெல்லிசாகப் பல தடவை பூசச் சொல்கிறார்கள்.

சீட்டில் உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் மடங்கி நீள வேண்டும். ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும், மேலே ரப்பர்போல் வளையும். லெதர் பூச்சுகளின் பைண்டரில் அந்த வெப்பநிலையைத் தாழ்வாக வைத்திருப்பார்கள். காரின் உலோகப் பகுதிக்கான பெயின்டை சீட்டில் அடித்தால் விரிசல் விடுவது அது விறைப்பான வகை என்பதால்தான். ஆனால் வளையும் பாலிமர் சீக்கிரம் கீறும், சில சமயம் ஒட்டும். இதைச் சமன் செய்ய, மேல்பூச்சில் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போடும் வேதிப்பொருள் ஒன்றைக் கலப்பார்கள். அவற்றில் சில தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கு செய்பவை. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக்கூடாது. தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிடும். பிணைப்புகள் முழுதாக முடிய நாட்கள் ஆகும்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். முதலில் பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் அம்புக்குறிகளுக்கு நடுவே அதன் பெயர் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் வேலை எளிது. அதன் மூலக்கூறில் மின்முனைவுள்ள பகுதிகள் (ஒரு முனை சற்றே நேர்மின்னும் மறுமுனை சற்றே எதிர்மின்னும் கொண்டவை) இருப்பதால் பெயின்ட் பிடித்துக்கொள்ளும், கரைப்பான் மேற்பரப்பை லேசாக இளக்கவும் செய்யும். கரைப்பான் வீரியமாக இருந்தால் விரிசல் விடும் என்பது மட்டும் கவனம். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், பிடிவாதக்காரப் பிளாஸ்டிக். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள, மின்முனைவற்ற சங்கிலிகள் அதில் படிகங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண வெப்பநிலையில் கரைப்பான்கள் அதை இளக்குவதில்லை, பெயின்டும் பிடிப்பதில்லை. நகத்தால் சுரண்டினாலே ஏடாக உரிந்து வரும். ஆலைகளில் தீச்சுடரை நொடிப்பொழுது காட்டி அதன் மேற்பரப்பில் ஆக்ஸிஜனைச் சேர்ப்பார்கள். வீட்டில் அதற்குப் பதில் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் (பாலிப்ரொப்பிலீன் சேர்ந்த பிளாஸ்டிக் குடும்பம்) கொண்ட பிரைமரை, அதாவது அடிப்பூச்சைப் பயன்படுத்தலாம். அதன் சங்கிலி பாலிப்ரொப்பிலீனோடு ஒத்துப்போகும், குளோரின் உள்ள பகுதிகள் மேலே வரும் பெயின்டோடு ஒத்துப்போகும். இதைத் தவிர்த்துவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டை வாங்கினாலும் பயனில்லை.

பிவிசி, அதாவது வினைல், உறை போட்ட டேஷ்போர்டில் சிக்கல் உள்ளிருந்து வருகிறது. அதை மிருதுவாக்கச் சேர்த்த திரவம் வெயிலில் மெல்ல வெளியேறி, புதுப் பூச்சுக்குள் புகுந்து அதைப் பிசுபிசுப்பாக்கலாம். வினைலுக்கென்றே வரும் வளையும் பூச்சுதான் அங்கே சரி. எந்தப் பொருளானாலும், சீட்டின் பக்கவாட்டிலோ டேஷ்போர்டிலோ ஏர்பேக் கிழித்துக்கொண்டு வரவேண்டிய தையலையும் கோட்டையும் ஃபில்லராலோ தடித்த பூச்சாலோ அடைக்கவே கூடாது.

கை வைத்தாலே பிசுபிசுக்கும் பழைய பட்டன்கள் இன்னொரு கதை. மிருதுவாக இருப்பதற்காக அவற்றின் மேல் பூசிய பாலியூரித்தேனில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் வருடக்கணக்கில் அறுத்துவிடுகிறது. நீளமான சங்கிலிகள் துண்டுகளாகிப் பசையாக மாறுகின்றன. அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து முழுவதையும் எடுத்துவிடுங்கள், எழுத்துகள் அச்சிட்ட இடத்தில் மட்டும் மெதுவாக. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பல கார்களில் உள்வரை கறுப்பாகவே இருக்கும். அப்படியிருந்தால் பெயின்டே வேண்டாம், அதை அப்படியே விட்டுவிடலாம்.