டாரிஃப்: பில்லுக்கு முன்னால் இருக்கும் பட்டியல்

புதுச்சேரி லாட்ஜுகளில் வரவேற்பு மேசைக்கு மேலே ‘டாரிஃப்’ என்று ஒரு பலகை இருக்கும். ஏசி அறைக்கு இவ்வளவு, சாதா அறைக்கு இவ்வளவு. காலி செய்யும்போது கையில் வரும் பில் வேறு. பலகை எல்லாருக்கும் பொது, பில் நமக்கு மட்டும். கரன்ட் விஷயத்தில்தான் இரண்டையும் ‘கட்டணம்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

சொல்லின் வேர் அரபி. ‘தஅரீஃப்’ என்றால் அறியச் செய்தல். சுங்க வீதங்களை அறிவிக்கும் பட்டியலுக்கு இத்தாலிய மொழியில் ‘தாரிஃபா’ என்று பெயர் வந்தது. அதுவே பிரெஞ்சில் ‘தரிஃப்’, ஆங்கிலத்தில் டாரிஃப். இந்தியில் பாராட்டைக் குறிக்கும் ‘தாரீஃப்’பும் இதே அரபிச் சொல்தான். ஸ்பெயினின் தாரிஃபா துறைமுகத்தில் சுங்கம் வசூலித்ததால் வந்த பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டாம்.

அந்த ‘அறியச் செய்தல்’ நம் மின்சாரச் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்துறை தன் விருப்பத்துக்கு விலையை ஏற்ற முடியாது. நெய்வேலி போன்ற இடங்களிலிருந்து மின்சாரம் வாங்கும் செலவு, கம்பி, மின்மாற்றிப் பராமரிப்பு, சம்பளம், வழியில் வீணாகும் மின்சாரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். மனுவை ஊரறிய வெளியிட வேண்டும். யாரும் ஆட்சேபம் எழுதலாம். அவற்றைப் பார்த்த பிறகே, மனு வந்த 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போடும். புதுச்சேரிக்கு, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை ஆணையம். முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் தமிழ்நாட்டின் ஆணையம், வேறு பட்டியல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தீர்வை’ சுங்கத்துக்குப் பொருந்தும், மின்சாரத்துக்கு ஒட்டாது. ‘கட்டணம்’ நாம் கட்டும் தொகை. யூனிட்டுக்கு இவ்வளவு என்ற அளவுக்கு ‘வீதம்’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே ‘மின்கட்டண வீதம்’. முழுப் பட்டியலைச் சொல்லும்போது ‘கட்டண வீதப்பட்டியல்’.

கடலூரில் ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓடினால் கட்டணம் இல்லை. ஆனால் அந்த யூனிட்டுகளுக்கும் வீதம் உண்டு, அந்தத் தொகையை அரசு மானியமாகத் தருகிறது. கத்திரி வெயிலில் ஏசி போட்டு பில் எகிறினால் கூடியது கட்டணம். ஆணையத்தின் புது உத்தரவால் எகிறினால்தான் வீதம் கூடியது. அப்புறம், ஆட்சேபம் எழுத வேண்டிய நேரம் அந்த உத்தரவு வருவதற்கு முன்னால்.