லண்டன்–நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். போக எட்டு மணி நேரம் ஆகிறது, திரும்பி வர ஏழுதான். ஏன் என்று கேட்டால், பூமி சுழல்கிறதே என்பார்கள் பலர். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்தக் கணக்குப்படி மேற்கே போகிற விமானத்தை நோக்கி நியூயார்க்தான் நகர்ந்து வர வேண்டும், பயணமும் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஏனென்றால் பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, அதில் பறக்கும் விமானமும் சுழல்கிறது.

உண்மையான காரணம், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் காற்று வடக்கே தள்ளப்படுகிறது. போகிற வழியில் பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, சுழற்சிக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சுற்றுவழியாக. குளிர்காலத்தில் அந்த வெப்ப வேறுபாடு கூடுவதால், காற்றோட்டம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும்.

ஆற்றில் போகும் பரிசல் மாதிரிதான் விமானமும். அதன் வேகம் காற்றைப் பொறுத்தது. தரையைப் பொறுத்த வேகம் வேறு. காற்றில் 900 கிலோமீட்டர் வேகம், வழி நெடுக 100 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் 800, அதாவது சுமார் 6 மணி 55 நிமிடம். பின்காற்றில் 1,000, அதாவது 5 மணி 32 நிமிடம். போகையில் இழந்ததை வருகையில் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. எதிர்க்காற்றில் கழியும் நேரம் அதிகம் என்பதால், காற்றே இல்லாத நாளைவிட இருவழிப் பயணம் 9 நிமிடம் கூடுதலாகவே இருக்கும்.

2020 பிப்ரவரியில் கியாரா புயல் சமயத்தில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையைப் பொறுத்து அது மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் தொட்டது. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே 1,060-ஐ ஒட்டித்தான். ஆனாலும் ஒலித்தடை உடையவில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை விமானம் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

அதனால் மிகக் குறுகிய வழியே எப்போதும் நல்ல வழி என்று சொல்லிவிட முடியாது. உருண்டையான பூமியில் அந்த வழி அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து பக்கமாக வளைந்து போகும். ஆனால் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள ஷான்விக், காண்டர் கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து வழித்தடங்களை மாற்றி மாற்றி வகுக்கின்றன. கிழக்கே வருபவை காற்றோட்டத்தில் ஏறிக்கொள்ளும், மேற்கே போகிறவை சுற்றிப் போனாலும் சரி என்று அதை விட்டு விலகும்.

அப்புறம் ஒன்று: டிக்கெட்டில் இருக்கும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது, ஹீத்ரோவுக்கு மேலே இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.